பெறாமகனின் கைக்கு அமுக்கு உடுப்பு தைத்தேன், விரல் நீலமாகிவிட்டது

ஊசிநூல் | செவ்வாய், இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இன்று மனம் சரியில்லை.

நான் பதினொரு வருடம் கட்டுநாயக்கா பக்கம் உள்ளாடை தைக்கிற ஒரு பக்டரியில் பெற்றன் (துணி வெட்டுகிறதற்கான மாதிரி) வெட்டுகிற பகுதியில் வேலை செய்தவள். இப்போது வெள்ளவத்தையில் வீட்டோடு இருந்து சாறி பிளவுஸும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் தைக்கிறேன். என் தங்கச்சியின் மகன், எனக்குப் பெறாமகன், எட்டு வயது. ஐந்து மாதத்துக்கு முன் குசினியில் கரண்ட் கேத்தலின் வயரைப் பிடித்து இழுத்துவிட்டான். கொதிநீர் அவ்வளவும் வலது கையில், மேற்கை நடுவிலிருந்து புறங்கை வரைக்கும். முன்கைக்குத் தொடையில் தோல் எடுத்து ஒட்டினார்கள். காயம் மூடவே ஒன்றரை மாதம் போனது. மூடின பிறகுதான் தழும்பு எழும்பத் தொடங்கியது, இப்போது தொட்டால் காய்ந்த இறப்பர் மாதிரி, இரவில் அரிப்புக் கடி தாங்காமல் எழும்பி அழுகிறான்.

கிளினிக்கில் அமுக்கு உடுப்பு, தழும்பை இறுக்கி அமுக்கித் தட்டையாக்குகிற உடுப்பு, போடச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 23 மணித்தியாலம், ஒரு வருடத்துக்கு மேல். வெளியில் ஒரு இடத்தில் ஓடர் கொடுத்தோம், ஐந்து கிழமை கழித்து வந்தது, முழங்கையில் பை மாதிரித் தொங்குகிறது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், எனக்குச் சிரிப்பும் வந்தது கோபமும் வந்தது. பவர்நெட்! பிராவின் பக்கச் சிறகுக்கு நாங்கள் பதினொரு வருடம் வெட்டின அதே துணி. இதை நானே தைக்கலாமே என்று புறக்கோட்டைக்குப் போய் கெய்சர் வீதிப் பக்கம் அலைந்து நல்ல விறைப்பான பவர்நெட் இரண்டு யார் வாங்கி வந்தேன்.

எல்லா அளவிலும் 20 சதவீதம் குறைத்து வெட்டு என்று எங்கோ வாசித்தேன், அப்படியே வெட்டினேன். கைக்கு ஒரு குழாய், புறங்கைக்குத் தனியாக விரல்நுனி திறந்த கிளவுஸ். போட்டு நாற்பது நிமிடம் ஆகவில்லை, "பெரியம்மா, கையில எறும்பு ஊருது" என்றான். பார்த்தால் விரல்நுனி நீலம். கழற்றும்போது எனக்குத்தான் கை நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பிவிட்டது.

என் கேள்வி இதுதான். 20 கூடவா? 15 வைக்கட்டா, 10 வைக்கட்டா? படம் போட்டிருக்கிறேன்.


ஓடீ_மிஸ் | செவ்வாய், இரவு 10.15

கழற்றினது நல்ல வேலை அக்கா. நாளைக் காலையிலேயே உங்கள் கிளினிக்குக்குச் சொல்லுங்கள், அவர்கள் பார்க்கும் வரைக்கும் அந்தச் சோடியைத் திரும்பப் போடவேண்டாம். நான் அரச ஆஸ்பத்திரி ஒன்றில் தொழில்வழிச் சிகிச்சைப் பகுதியில் இருக்கிறேன், இந்த உடுப்போடுதான் என் பாதி நாள் போகிறது.

நீங்கள் கேட்ட 20ஆ 15ஆ என்கிற கேள்வியே கொஞ்சம் பிசகு, கோபிக்கவேண்டாம், பல இடங்களில் எங்கள் ஆட்களே அப்படித்தான் வெட்டுகிறார்கள். உடுப்பு தோலில் எவ்வளவு அமுக்குகிறது என்பதுதான் கணக்கு. பொதுவாக 15 முதல் 25 மில்லிமீற்றர் இரசம் வரைக்கும் தேடுகிறோம், இரத்த அழுத்தம் அளக்கிற அதே அலகு. 40ஐத் தாண்டினால் மரப்பு, வீக்கம், தோல் உடைவு எல்லாம் வரும். துணியின் இழுவை ஒன்றாகவே இருந்தாலும் சுற்றளவு சின்னதாகச் சின்னதாக அமுக்கம் கூடும். மேற்கைக்கு அளவாக இருக்கிற 20 சதவீதம் மணிக்கட்டுக்குக் கூடிப்போகும், பெரிய ஆளின் தொடைக்கு ஒன்றுமே காணாது.

இன்னொரு விஷயம், தொடங்கின அன்றே மணிக்கணக்காகப் போடுகிறதில்லை. முதல் நாள் ஓரிரு மணித்தியாலம், கழற்றித் தோலைப் பார்த்து, பிறகு மெல்ல மெல்ல 23க்குக் கொண்டுபோகவேண்டும். போட்டிருக்கும்போது நகத்தை அமுக்கிவிடுங்கள், இரண்டு செக்கனுக்குள் சிவப்பு திரும்பவேண்டும்.


மொறட்டுவப்_பெடியன் | செவ்வாய், இரவு 11.58

சுற்றளவு சின்னதானால் அமுக்கம் கூடும் என்று மிஸ் சொன்னது லப்லாசின் விதி. நான் மொறட்டுவப் பல்கலைக்கழகத்தில் புடவை, ஆடைப் பொறியியல் படிக்கிறேன், நாளைக்குச் சோதனை இருக்கிறது, இருந்தாலும் இதை விட்டுவிட்டுப் படுக்க முடியவில்லை.

அக்கா, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு கணக்கு சொல்கிறேன். எந்தப் பக்கம் கையைச் சுற்றி வரப்போகிறதோ அந்தப் பக்கமாக 5 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு நாடா வெட்டுங்கள். நடுவில் 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். மேல்முனையைக் கதவுப் பிடியில் கட்டி, கீழ்முனையில் நிறை தொங்கவிடுங்கள். தராசு இல்லாவிட்டால் 400 கிராம் பால்மா பக்கெட் ஒன்று போதும், இலங்கையில் எந்த வீட்டில் அது இல்லை.

அமுக்கம் = தொங்கும் கிராம் × 0.92 ÷ கையின் சுற்றளவு சென்ரிமீற்றரில். விடை நேராக மில்லிமீற்றர் இரசத்தில் வரும். 0.92 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டால் பிறகு எழுதுகிறேன், பையும் (π) புவியீர்ப்பும் அலகு மாற்றமும் சேர்ந்த எண்தான் அது, 5 சென்ரிமீற்றர் நாடாவுக்கு மட்டும் பொருந்தும்.

எட்டு வயதுப் பிள்ளையின் மேற்கை 20 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். 400 கிராம் இழுவைக்கு 18 சொச்சம் வரும், அருமை. அதே இழுவை 13 சென்ரிமீற்றர் மணிக்கட்டில் 28. பெரிய ஆளின் 50 சென்ரிமீற்றர் தொடையில் 7. ஒரே துணி, ஒரே 20 சதவீதம், மூன்று இடத்தில் மூன்று வைத்தியம்.

ஒன்று மறக்கவேண்டாம். புதுத்துணி முதல் இழுவையில் வீம்பு காட்டும். ஐந்தாறு தரம் இழுத்து விட்டு, நிறையைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அளவெடுங்கள்.


கேள்விக்குறி | புதன், காலை 7.20

எல்லாரும் கணக்குப் போடுகிறீர்கள், சரி. இந்த உடுப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? 2009இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. தழும்பின் மொத்த மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை, உயரம் மட்டும் சிறிது குறைந்தது என்று முடித்தார்கள். அதற்காகக் கொழும்பு வெக்கையில் ஒரு சின்னப் பிள்ளையை ஒரு வருடம் நைலோனுக்குள் கட்டி வைக்கவேண்டுமா? ஆய்வு நடந்த ஊர்களில் பனி பெய்யும் ஐயா. இங்கே நான் பனியனே போடுவதில்லை.


ஓடீ_மிஸ் | புதன், மதியம் 12.47

அந்தக் கட்டுரை எனக்கும் தெரியும், அதை ஒளிக்கவேண்டிய தேவையில்லை. ஆனால் அடுத்த வருடமே, 2010இல், அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து ஆட்கள் ஒன்று வெளியிட்டார்கள், 12 வருடமாகச் செய்த வேலை. முன்கையில் எரிந்தவர்களுக்கு ஒரே உடுப்பில் ஒரு பாதி சரியான அமுக்கம், மற்றப் பாதி தளர்வு. அதே ஆள், அதே காயம், அதே தோல், ஒப்பிட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பாரமான தழும்புகளில் இறுக்கின பாதி மெத்தென்றும் தாழ்ந்தும் இருந்தது. இலேசான தழும்பில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே எல்லாருக்கும் போடுகிறதில்லை. இரண்டு கிழமைக்குள் மூடின காயத்துக்கு நான் கேட்கமாட்டேன். மூன்று கிழமை தாண்டினது, தோல் ஒட்டினது, பிள்ளைகள், எங்களைப் போலக் கறுத்த தோல், இவை சேர்ந்தால் தழும்பு எழும்புகிற வாய்ப்பு கூட. இந்தப் பிள்ளைக்கு எல்லாமே இருக்கிறது.

இது தொடங்கின கதையே ஒரு தற்செயல்தான். கொன்ராட் ஜொப்ஸ்ற் என்கிற ஜேர்மன் பிறப்புப் பொறியியலாளர், கால் நரம்பு வீங்கின ஆள், நீச்சல் தடாகத்தில் நிற்கும்போது கால் சுகமாக இருக்கிறதே என்று கவனித்து, தண்ணீர் கீழே போகப்போகக் கூட அமுக்குகிற மாதிரி ஒரு ஸ்ரொக்கிங் செய்தார். பிறகு 1970 வாக்கில் அமெரிக்காவில் கல்வெஸ்ரன் எரிகாய ஆஸ்பத்திரியில் அப்படியான ஸ்ரொக்கிங் போட்டிருந்த ஒரு நோயாளியின் எரிகாயத் தழும்பு, அதற்குக் கீழே மட்டும் தட்டையாக இருப்பதைக் கண்டார்கள். அங்கிருந்துதான் இந்த உடுப்பு எல்லாம்.

வெக்கை பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதை நான் மறுக்கமாட்டேன்.


ஜாம்போத்தல் | புதன், மாலை 6.05

நான் இங்கே எழுதுவது குறைவு. வயது நாற்பத்தைந்து, கொட்டாஞ்சேனை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, மண்ணெண்ணெயும் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு அந்த வெளிச்சத்தில்தான் ஓ.எல். சோதனைக்குப் படித்த ஆட்கள் நாங்கள். என்னில் கவிழ்ந்தது வெறும் ஜாம் போத்தலும் இல்லை, மூடி ஓட்டை போட்ட ஒரு குப்பி விளக்கு. கழுத்தும் இடது கன்னத்தின் கீழும். அப்போது அமுக்கு உடுப்பு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. தழும்பு இறுகி நாடியைத் தோளோடு இழுத்துவைத்தது. நிமிர்ந்து பார்க்கவே இரண்டு ஒப்பரேஷன் செய்தேன், கொழும்புக்கு வந்த பிறகு. இரண்டாவது ஒப்பரேஷனுக்குப் பிறகு பதினான்கு மாதம் கழுத்துப் பட்டி போட்டேன். ஆகவே இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

கேள்விக்குறி அண்ணா, வெக்கை நரகம்தான், பொய் சொல்லவில்லை. ஒட்டின தோல் வியர்க்காது, அதைச் சுற்றியிருக்கிற தோல் இரட்டிப்பாக வியர்க்கும். 138 பஸ்ஸில் நின்றுகொண்டு பட்டியைப் பிய்த்தெறிய நினைத்த நாட்கள் உண்டு. ஆனால் முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு ஒன்று நடந்தது. குளிக்கக் கழற்றினால் கடி தொடங்கும், திரும்பப் போட்டால் அடங்கும். கடைசியில் நானே அதைத் தேடிப் போட்டேன்.

அக்காவுக்கு ஒன்று: நாடியை இறுக்குகிற பட்டி எதையும் பிள்ளைகளுக்குப் பல் டொக்டரிடம் கேட்காமல் போடக்கூடாது என்று எனக்குச் சொன்னார்கள், வளர்கிற தாடையை அது தள்ளுமாம். உங்கள் பிள்ளைக்குக் கைதான், தப்பித்தீர்கள்.

குப்பி விளக்கு என்றதும் நினைவு வந்தது. கொடகும்புர என்று ஒரு சத்திரசிகிச்சை டொக்டர், இப்படி எரிந்து வருகிற ஆட்களைப் பார்த்துப் பார்த்து, மார்மைட் போத்தலைப் பார்த்து ஒரு விளக்கு வடிவமைத்தார். குட்டை, பாரம், திருகு மூடி, இரண்டு பக்கம் தட்டை, விழுந்தாலும் உருளாது. 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அது எங்கள் வீட்டுக்கு ஐந்தாறு வருடம் முந்தி வந்திருக்கலாம்.


கேள்விக்குறி | புதன், இரவு 8.30

தம்பி, உங்களுக்கு முன்னால் நான் என்ன சொல்ல. வெக்கையைக் கணக்கில் எடுக்காத உடுப்பு அலுமாரிக்குள்தான் கிடக்கும் என்கிற என் கதையில் மட்டும் நிற்கிறேன். மற்றதை வாபஸ் வாங்குகிறேன்.


மூலிகை_மாமா | புதன், இரவு 8.52

ஏன் இவ்வளவு கஷ்டம்? தேங்காய் எண்ணெயில் மஞ்சள் போட்டு நன்றாகத் தேய்த்தாலே போதும்.


ஓடீ_மிஸ் | புதன், இரவு 9.10

மாமா, தேய்க்கிறது நல்லது, தழும்பை உருவி விடுகிறது எங்கள் வேலையிலும் இருக்கிறது. எழும்பின தழும்பை அது மட்டும் தட்டையாக்காது. அதோடு எண்ணெய் தோலுக்குக் கூடாதென்று இல்லை, துணியை இழுபடவைக்கிற லைக்கிரா இழைக்குத்தான் பகை. எண்ணெய்க் கையோடு உடுப்பைப் போட்டால் இரண்டு மாதத்தில் தொய்ந்துவிடும். கிரீம் பூசி, நன்றாக உறிஞ்சவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டுப் போடவேண்டும்.


ஊசிநூல் | வியாழன், பிற்பகல் 2.20

சோதனை செய்தேன். எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவில் பவர்நெட் நாடாவும் அதன் நுனியில் பால்மா பக்கெட்டும் தொங்குகிறது, அம்மா வந்து பார்த்துவிட்டு இவளுக்கு என்ன நடந்தது என்று கேட்கிறா.

400 கிராமுக்கு 10 சென்ரிமீற்றர் 12.5 ஆனது. பிறகு மணிக்கட்டுக்கு 18 வரவேண்டுமென்றால் எவ்வளவு கிராம் என்று பின்பக்கமாகக் கணக்குப் பார்த்தேன், 260 வந்தது. அரிசி நிறுத்துப் பையில் கட்டித் தொங்கவிட்டேன், 11.5. அப்படியென்றால் மேற்கைக்கு 25 சதவீதம், மணிக்கட்டுக்கு 15 சதவீதம் குறைக்கவேண்டும், சரிதானே தம்பி?


மொறட்டுவப்_பெடியன் | வியாழன், பிற்பகல் 3.05

கவனம் அக்கா, இந்த இடத்தில்தான் எல்லாரும் விழுகிறார்கள். 25 சதவீதம் இழுபடவேண்டும் என்றால் 20ஐ 1.25ஆல் பிரிக்கவேண்டும், 16. அது 20 சதவீதக் குறைப்பு. 25ஐக் கழித்தீர்கள் என்றால் 15 வரும், அமுக்கம் எங்கேயோ போய்விடும். மணிக்கட்டு 13ஐ 1.15ஆல் பிரியுங்கள், 11.3. நீங்கள் முதலில் வெட்டினது 10.4. ஒன்பது மில்லிமீற்றர்தான் இந்த விளையாட்டு முழுவதும்.

ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது. 28 கூட என்றாலும் நாற்பது நிமிடத்தில் நீலமாகிற அளவு இல்லை. இப்போதுதான் உங்கள் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். குழாய் மணிக்கட்டு வரை வருகிறது. கிளவுஸின் கழுத்து அதற்கு மேலே ஏறி ஒரு நாலு விரல்கடை மூடுகிறது. இரண்டும் 20 சதவீதம். அக்கா, இரண்டு படை துணி என்றால் அமுக்கம் இரண்டையும் கூட்டவேண்டும். 28உம் 28உம் 56.


ஊசிநூல் | வியாழன், பிற்பகல் 3.11

கடவுளே.


ஊசிநூல் | வியாழன், பிற்பகல் 3.30

பதினொரு வருடம் ஒன்றன்மேல் ஒன்று போடுகிற துணியை வெட்டினவள் நான். பிராவில் விங் இரட்டைப் படை போட்டால் இழுவை கூடும், அளவைத் தளர்த்து என்று புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கை என்றதும் மூளை வேலை செய்யவில்லை.


ஓடீ_மிஸ் | வியாழன், மாலை 5.40

தம்பி சோதனையில் பாஸ், கட்டாயம். 😄

இரண்டு வழி இருக்கிறது. கையும் கிளவுஸும் ஒரே துண்டாகத் தைக்கலாம், ஆனால் பிள்ளை சோறு சாப்பிடுகிறது வலது கையால். ஒரு நாளைக்கு மூன்று தரம் முழுக் கையையும் கழற்றினால் யாரும் போடமாட்டார்கள். ஆகவே தனித்தனியாகவே வையுங்கள், மூடுகிற இடத்தில் ஒரு படை மட்டும் இறுக்கட்டும், மற்றது உடம்பளவுக்கே இருக்கட்டும். எதை இறுக்குவது என்றால் நான் கிளவுஸை என்பேன், அதுதான் வழுகும்.


ஓவர்லொக்_அண்ணன் | வியாழன், இரவு 10.48

நான் மெஷின் மெக்கானிக், வைத்தியம் தெரியாது. தையலைப் பற்றி நாலு வார்த்தை.

ஓவர்லொக் மட்டும் அடித்துவிட்டு நிற்கவேண்டாம், அந்த மேடு தழும்பில் அழுத்திக் கோடு விழும். பிளட்லொக் (தையல் தட்டையாக விழுகிற மெஷின்) இருந்தால் நல்லம், இல்லாவிட்டால் தையலை வெளிப்பக்கம் போட்டு மூன்று குத்து ஸிக்ஸாக் அடியுங்கள், பார்க்க வடிவில்லை, தோலுக்குச் சுகம். ஊசி ‘போல் பொயின்ற்’ (ball point, நுனி உருண்டது) வேண்டும், சாதாரண ஊசி லைக்கிரா இழையை அறுத்துவிடும், அறுந்தது அன்று தெரியாது, ஒரு மாதம் கழித்துத் துணி அந்த இடத்தில் பல்லிளிக்கும்.

ஸிப் வைக்கப்போகிறீர்களா? வைத்தால் முழங்கை மடிப்பிலும் எலும்பு முட்டிலும் வராமல் பக்கத்தால் இறக்குங்கள், உள்ளே ஒரு நாக்குத் துணி கட்டாயம், பிள்ளையின் தோல் ஸிப்பில் மாட்டினால் அன்றோடு உடுப்பு முடிந்தது.


மொறட்டுவப்_பெடியன் | வியாழன், இரவு 11.20

அண்ணன் ஸிப்பைச் சொன்னதால்: ஸிப் இழுபடாது. அதன் நாடா சேர்த்து 2.5 சென்ரிமீற்றர் என்றால் அதை முதலில் கழியுங்கள். மேற்கையில் 17.5ஐ 1.25ஆல் பிரித்தால் 14, அதோடு 2.5, ஆக 16.5. இதை விட்டுவிட்டு 16க்கு வெட்டினால் மிச்சத் துணி ஸிப்புக்கும் சேர்த்து இழுபடும்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். என் கதவுப்பிடிக் கணக்கு முழு உண்மை இல்லை. நாடா இழுபடும்போது பக்கவாட்டில் ஒடுங்குகிறது, கையில் துணி அப்படி ஒடுங்காது. கை வட்டமும் இல்லை. ஆகவே தைத்த பிறகு தோலுக்கும் துணிக்கும் இடையில் சென்சர் வைத்து அளக்கத்தான் வேண்டும்.


ஊசிநூல் | ஒன்பது நாள் கழித்து, சனி, இரவு 9.15

கிளினிக்கில் உள்ள மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஏசுவா என்று நினைத்தேன், கதிரையை இழுத்துப்போட்டு இருந்து பெற்றனைப் பார்த்தா. அவவே திரும்ப அளவெடுத்தா, காலையில், வீக்கம் ஏற முதல், மூன்று சென்ரிமீற்றருக்கு ஒரு தரம் மையால் புள்ளி வைத்து, நாடாவை இழுக்காமல் தோலில் படுத்திவைத்து. நான் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தரம்தான் எடுத்திருந்தேன், முழங்கைக்குக் கீழே இருக்கிற அந்தத் திடீர் இறக்கமே என் பெற்றனில் இல்லை. இந்தத் தரம் பதினாலு அளவு, பதினாலு தனித்தனிக் கணக்கு, ஒரு கொப்பியின் நாலு பக்கம்.

தைத்துக் கொண்டுபோய்ப் போட்டோம். சென்சர் என்பது ஒரு சின்னக் காற்றுப் பைதான், தபால் முத்திரையைவிடக் கொஞ்சம் பெரிது, வயரில் ஒரு பெட்டி. உடுப்புக்குள் செருகி வாசித்தோம். மேற்கை 16. முன்கை 17. மணிக்கட்டு 19. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு புறங்கையில் வைத்தா, 8. உள்ளங்கையில் 3.

புறங்கை எரிந்த இடம். அங்கேதான் வேண்டும், அங்கேதான் இல்லை. ஏன்?


ஓடீ_மிஸ் | சனி, இரவு 10.02

அக்கா, கையை மேசையில் வைத்துப் பாருங்கள். புறங்கை தட்டை. துணி இரண்டு ஓரத்திலும், சுண்டுவிரல் பக்கமும் பெருவிரல் பக்கமும், வளைகிற இடத்தில்தான் அமுக்கும். நடுவில் கூடாரம் மாதிரி மேலே கிடக்கும். உள்ளங்கை குழி, அங்கே துணி தோலைத் தொடுவதே சந்தேகம். இறுக்கி வெட்டினால் ஓரம்தான் வெட்டுப்படும், நடுவுக்கு ஒன்றும் போகாது.

அதற்குத்தான் உள்ளே திண்டு வைக்கிறோம். புறங்கையின் மேல் நடுவில் கொஞ்சம் உயர்ந்த ஒரு ஃபோம் துண்டு அல்லது சிலிக்கன், தட்டையான இடத்தை வளைவாக்கினால் துணி தானாக அமுக்கும். நெஞ்சு நடுவுக்கும் தோள் பள்ளத்துக்கும் இதே வேலைதான். விரலிடைகளையும் பாருங்கள், தழும்பு அங்கே தாராவின் கால் மாதிரி மெல்ல ஏறிவரும், கிளவுஸின் விரலிடைத் துணி அடியில் போய் முட்டி நிற்கவேண்டும், காற்று இருக்கக்கூடாது.


ஊசிநூல் | எட்டு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 7.50

தாராக் கால் என்று சொன்னதும் விளங்கிவிட்டது. விரல்களுக்கு இடையில் தனிப் பட்டி வைத்துத் திரும்ப வெட்டினேன், ஒரு கடதாசித் தாளைக் கூட உள்ளே விட முடியாது. புறங்கைக்கு மிஸ் தந்த ஃபோமைச் சீவிச் சீவி நடுவில் ஆறு மில்லிமீற்றர், ஓரத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கினேன், பிராக் கப் சீவின கை, இது மட்டும் சுகமாக வந்தது. 8 இருந்தது 18 ஆகிவிட்டது.

கேள்விக்குறி அண்ணாவுக்கு: வெக்கைக்கு நான் செய்தது, எரியாத தோள் பக்கத்தை முழுதாக விட்டேன், முழங்கை உட்பக்க மடிப்பில் மட்டும் மெல்லிய, ஓட்டை பெரிய பவர்நெட் ஒரு வில்லைத் துண்டு, அங்கேதான் வியர்த்து அவிந்தது. மேலே வழுகாமல் இருக்கச் சிலிக்கன் பட்டி வைத்தேன், மூன்றாம் நாள் பொக்களம். கழற்றி எறிந்துவிட்டுத் தோளுக்கு ஒரு சின்ன நாடா. இரண்டு சோடி இருக்கிறது, ஒன்று உடம்பில், ஒன்று பல்கனியில் நிழலில், வெயிலில் காயப்போட்டதற்கு அம்மாவோடு ஒரு சண்டை. ஓட்டைத் துணிக்குள்ளால் வெயில் போகும் என்பதால் பள்ளிக்கூடத்துக்கு முழுக்கைச் சட்டை.

ஆனால் உண்மையில் அவனைப் போடவைத்தது இது எதுவுமே இல்லை. முதல் வாங்கினது தோல் நிறமாம், வெள்ளைக்காரனின் தோல் நிறம், எங்கள் பிள்ளையின் கையில் பிளாஸ்ரர் மாதிரித் தெரியும். வகுப்பில் கேட்டார்களாம். இரண்டாவது துணிக்குக் கடும் நீலம் எடுத்தேன், கிரிக்கெட் விளையாடுகிற ஆட்கள் போடுகிற கைச்சட்டை மாதிரி. இப்போது மற்றக் கைக்கும் வேண்டுமாம்.


கேள்விக்குறி | ஞாயிறு, இரவு 8.15

மற்றக் கைக்கும் தைத்துக் கொடுங்கள், தளர்வாக. செலவு என்னுடையது.


ஜாம்போத்தல் | ஞாயிறு, இரவு 11.30

எனக்கும் தோல் நிறம்தான் தந்தார்கள். கழுத்தில். கேட்கவேண்டுமென்றே தோன்றவில்லை அப்போது.


ஊசிநூல் | இரண்டு மாதம் கழித்து, வெள்ளி, மாலை 4.40

செய்தி சொல்லிவிட்டுப் போகிறேன். முன்கை நன்றாகத் தணிந்திருக்கிறது, விரலால் தட்டினால் இறப்பர் மாதிரி இல்லை, கிள்ள வருகிறது. புறங்கை இன்னும் பிடிவாதம். இரவில் எழும்புவது நின்றுவிட்டது, கிழமைக்கு ஒரு தரம் இருக்கலாம்.

உடுப்பு இரண்டரை மூன்று மாதத்தில் தொய்யும், மாற்றவேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தா. எவ்வளவு தொய்ந்தது என்று நானே பார்க்கலாம் என்று முதல் நாளே ஒரு நாடாவை வெட்டி உடுப்போடு சேர்த்துத் துவைத்துக்கொண்டு வந்தேன். போட்டு இழுபடாத துணி என்பதால் இது குறைவாகத்தான் காட்டும் என்று தெரியும், பரவாயில்லை. இன்று கதவில் கட்டித் தொங்கவிட்டேன், கோட்டுக்குக் கோடு 11.9. துணி விறைத்துவிட்டதா, இது எப்படி என்று அரைமணித்தியாலம் மண்டையை உடைத்தேன் தம்பி, உனக்கு மெசேஜ் போடக்கூட எடுத்தேன்.

பிறகு பக்கெட்டை எடுத்துப் பார்த்தால் மேல்மூலை வெட்டி கிளிப் போட்டிருக்கிறது. தங்கச்சி தேத்தண்ணிக்கு எடுத்திருக்கிறாள். இன்று தராசு வாங்கிவிட்டேன். சரியாக 400 வைத்தால் 12.9. நாளைக்கு அடுத்த சோடி வெட்டவேண்டும், கையும் அரைச் சென்ரிமீற்றர் பெருத்திருக்கிறது.